மட்டக்களப்பிலிருந்து சென்னை வழியாகக் கோயம்புத்தூருக்கு: மாறி ஏறும் இடங்களில் கவனிக்க வேண்டியவை

கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு விமானம் பறப்பது ஏறக்குறைய 1 மணித்தியாலம் 20 நிமிடம். அதற்கு முன்னால் மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா வரை வேனில் 6 முதல் 7 மணித்தியாலம். பின்னால், சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் ஏறும் வரை இன்னும் 4 மணித்தியாலம். ஒரு நாள் முழுக்க நீளும் பயணத்தில் ஆகாயத்தில் இருப்பது மிகச் சின்னப் பங்கு. டிக்கெட் எடுக்கும்போது எல்லோரும் விலை பார்ப்பது அந்தச் சின்னப் பங்குக்கு. காசு வீணாவதும், கூட்டிப்போகிற நோயாளி களைத்துப் போவதும், பெட்டி வராமல் நிற்பதும் மாறி ஏறும் இடங்களில். அந்த இடங்களைப் பற்றித்தான் இங்கே கூடுதலாக எழுதுகிறோம்.

முதல் கேள்வி, ட்ரான்சிட், அதாவது இடையில் இறங்கி விமானம் மாறுவது, உங்களுக்குத் தேவையா என்பது. வேலூருக்குப் போகிறவர்களுக்குத் தேவையே இல்லை. சென்னையிலிருந்து வேலூர் ஏறக்குறைய 140 கிலோமீற்றர்; காரில் மூன்று மணித்தியாலம், ரயில் என்றால் காட்பாடியில் இறங்கலாம். மதுரைக்கும் திருச்சிக்கும் கொழும்பிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. பெங்களூருக்கும் கொச்சிக்கும் இருக்கிறது. சென்னையில் மாறினால் மலிவு என்று ட்ராவல்ஸ்காரர் சொன்னால், உள்நாட்டு விமானத்தில் கூடுதல் எடைக்குக் கட்டுகிற காசு, அங்கே இரண்டு வேளைச் சாப்பாடு, தேவைப்பட்டால் ஒரு இரவு அறை வாடகை எல்லாவற்றையும் கூட்டிவிட்டு நேரடி டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள். பல தடவை மிச்சம் ஒன்றும் இராது.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோ சென்னைக்கும், 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சிக்கும் அங்கிருந்து சேவை தொடங்கியது. யாழ்ப்பாணத்தாருக்கு அது பெரிய வசதி. மட்டக்களப்பிலிருந்து ஹபரணை, வவுனியா வழியாகப் பலாலிக்குப் போகிற தூரம் கட்டுநாயக்காவுக்குப் போகிறதை விடக் குறைவானதல்ல. அங்கே ஒரு விமானம் ரத்தானால் அதே நாளில் வேறொன்றில் மாற்றிவிட வழியும் குறைவு. யாழ்ப்பாணத்தில் தங்க உறவுக்காரர் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஒரு டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா

கொழும்பு – சென்னை – கோயம்புத்தூர் முழுவதும் ஒரே பதிவில் இருந்தால் ஒரு பி.என்.ஆர் இலக்கம்தான் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறியீடு. முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால், உங்களை அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. எடை அளவும் பொதுவாக வெளிநாட்டுப் பயணத்துக்கு உரிய அளவே கடைசி வரை வரும்.

இரண்டு டிக்கெட்டாக எடுத்தால் இரண்டு நிறுவனத்துக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. கொழும்பிலிருந்து வந்த விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தினாலும், கோயம்புத்தூர் விமானத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி. டிக்கெட் காசு போய்விடும். திரும்பிக் கிடைக்கக்கூடியது வரியும் விமான நிலையக் கட்டணமும். திருப்பித் தராத டிக்கெட்டாக இருந்தாலும் இந்திய விதிப்படி அவற்றைக் கேட்டு வாங்கலாம். பலர் கேட்பதில்லை, கேளுங்கள். இன்னொன்று: போக, வர இரண்டையும் ஒரே பதிவில் எடுத்து, போகும் பயணத்தைத் தவறவிட்டால், பெரும்பாலான நிறுவனங்களில் திரும்பி வரும் பயணமும் தானாக ரத்தாகிவிடும். தவறியது தெரிந்தவுடன் கூப்பிட்டு, திரும்பும் பயணத்தை வைத்திருக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ட்ராவல்ஸ் கடையில் ஒரே தாளில் இரண்டு விமானமும் அச்சாகி இருக்கும். அதைப் பார்த்து ஒரே டிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். தாளில் எத்தனை பி.என்.ஆர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு இருந்தால் இரண்டு டிக்கெட்.

சென்னையைத் தாண்டி சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ போகிறவர்களுக்கு இதில் இன்னும் பெரிய பொறி ஒன்று உண்டு. ஒரே டிக்கெட் என்றால் விமான நிலையத்துக்குள்ளேயே மாறலாம். இரண்டு டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மீண்டும் போட இந்தியாவுக்குள் நுழைய வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். விசா இல்லாவிட்டால் கட்டுநாயக்கா கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சென்னைக்கான நேரக் கணக்கு

வெளிநாட்டு விமானத்தில் வந்து உள்நாட்டு விமானத்தில் ஏறுகிறவர், சென்னையில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, மறுபடி பெட்டியைப் போட வேண்டும். ஒரே டிக்கெட்டானாலும் பெரும்பாலும் இதுதான் முறை. கட்டுநாயக்காவில் "கோயம்புத்தூரில் எடுக்கலாம்" என்று சொல்லியிருந்தாலும் சென்னையில் பெட்டிகள் சுற்றி வரும் பட்டியை ஒருதரம் பார்க்காமல் வெளியே போகாதீர்கள்.

சக்கரம் தரையில் பட்டதிலிருந்து கதவால் வெளியே வர 15 நிமிடம். குடிவரவுக்கு 45, இரண்டு மூன்று விமானம் ஒன்றாக இறங்கியிருந்தால் ஒரு மணித்தியாலம். பெட்டி வர 30. சுங்கம் 15. உள்நாட்டு முனையத்துக்கு நடந்து, வாசலில் டிக்கெட்டும் கடவுச்சீட்டும் காட்டி உள்ளே போக 15. எல்லாம் சேர்ந்து இரண்டு மணித்தியாலம். உள்நாட்டு விமானத்தின் கவுண்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடத்துக்கு முன் மூடும். ஆக, எதுவும் பிந்தாத நாளிலேயே மூன்று மணித்தியாலம் வேண்டும். கொழும்பு விமானம் ஒரு மணித்தியாலம் பிந்துவதற்கு இடம் விட்டால் நான்கு. இரண்டு டிக்கெட்டுக்காரர் நான்குக்குக் குறைந்து எடுக்கவே கூடாது. வயது போனவர்கள் கூட இருந்தால் ஐந்து.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தான், மணிக்கூடு மாற்றத் தேவையில்லை. அதனால் பின்னாலிருந்து எண்ணி வருவது இலேசு. கோயம்புத்தூர் விமானம் மாலை 6.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் 5.30க்கு மூடும். சென்னையில் இறங்குவது 2.20 என்றால் வேலையெல்லாம் முடிய 4.20, கையில் 70 நிமிடம் மிச்சம். 2.20க்கு இறங்க கட்டுநாயக்காவில் 1 மணிக்குப் புறப்பட வேண்டும். அங்கே 10 மணிக்கு நிற்க வேண்டும். வழியில் ஒன்றரை மணித்தியாலம் தாமதத்துக்கு விட்டால் மட்டக்களப்பில் அதிகாலை 1.30க்கு வேன் எடுக்க வேண்டும். கோயம்புத்தூரில் இறங்கும்போது இரவு 7.40. பதினெட்டு மணித்தியாலப் பயணம். சத்திரசிகிச்சைக்குப் போகிற ஒருவருக்கு இது தாங்காது. முதல் நாள் பகலில் புறப்பட்டு நீர்கொழும்பில் ஒரு இரவு தங்குங்கள். அங்கிருந்து விமான நிலையம் அரை மணித்தியாலத்துக்குள்.

கட்டுநாயக்கா வரை

டிக்கெட்டில் 15ஆம் திகதி 00.40 என்று இருந்தால், விமான நிலையத்துக்குப் போக வேண்டியது 14ஆம் திகதி இரவு. மட்டக்களப்பில் வேன் ஏறுவது 14ஆம் திகதி காலை 11, 12 மணிக்கு. இந்த ஒரு விஷயத்தில் தவறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 15ஆம் திகதி பகல் நேர்த்தியாக உடுத்திப் போய் நிற்பார்கள். விமானம் போய்ப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும். நள்ளிரவுக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இடைப்பட்ட டிக்கெட் என்றால், வீட்டை விட்டு வெளிக்கிடும் திகதியையும் நேரத்தையும் பேனையால் பெரிதாக மேலே எழுதிவையுங்கள்.

மட்டக்களப்புப் பக்கத்தவருக்கு வழமையான பாதை வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். குருநாகலிலிருந்து கொழும்புக்குள் இறங்கத் தேவையில்லை. நாரம்மலை, கிரிஉல்ல, திவுலப்பிட்டிய, மினுவாங்கொடை வழியாக நேரே கட்டுநாயக்கா. அம்பாறை நகரத்தவர் மகாஓயா, மகியங்கனை, கண்டி வழியாகப் போவதுண்டு. பதினெட்டு வளைவில் வாந்தி எடுப்பவர்கள், இடுப்பு நோவு உள்ளவர்கள் அந்தப் பாதையைத் தவிர்ப்பது நல்லது. கல்முனை, அக்கரைப்பற்று ஆட்கள் பொலன்னறுவைப் பாதையையே பிடிக்கலாம்; தூரம் கொஞ்சம் கூடினாலும் தட்டை நிலம்.

மின்னேரியா – ஹபரணைத் துண்டில் பின்னேரத்திலிருந்து விடியும் வரை யானை பாதையில் நிற்கும். வாகனம் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஹோன் அடித்து நெருக்கினால் ஆபத்து. ரயிலுக்கும் இதே ஆபத்து உண்டு. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குப் பக்கத்தில் மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று மழை; மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் பாதையே அடைபடும். 2025 நவம்பர் டிட்வா புயலில் நாடு முழுக்கப் பாதைகள் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மூன்று மாதத்திலும் விமானத்துக்கு முதல் நாளே மேற்கே போய்ச் சேர்ந்துவிடுவதுதான் புத்தி.

இரவு ரயிலில் வருகிறவர்கள் கொழும்புக் கோட்டையில் இறங்கி 187 பஸ்ஸில் கட்டுநாயக்காவுக்குப் போகலாம். சில பஸ்கள் அவேரிவத்தை நிலையத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து ஆட்டோ. இரவு ரயிலோடு காலை விமானத்தைக் கோர்க்காதீர்கள். பிற்பகல் 2 மணிக்குப் பிறகு புறப்படும் விமானத்துக்கு மட்டும் அது பொருந்தும்.

எடை

வெளிநாட்டு டிக்கெட்டில் பெட்டிக்கு 20, 25, 30 கிலோ என்று டிக்கெட் வகைக்கு ஏற்ப மாறும். இந்திய உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோதான் வழக்கம். இரண்டு டிக்கெட்டாக எடுத்தவர் கொழும்பில் 30 கிலோவைச் சந்தோஷமாகப் போட்டுவிட்டுச் சென்னைக் கவுண்டரில் 15 கிலோவுக்குக் கிலோக் கணக்கில் கட்ட வேண்டிவரும். கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் கவுண்டரை விடக் குறைவு. அதை விட நல்லது, முதல் நாளிலிருந்தே உள்நாட்டு அளவுக்குப் பெட்டி கட்டுவது. பயணத்தில் எந்த விமானம் குறைந்த எடை தருகிறதோ அதுதான் உங்கள் எடை.

கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ. தராசு இல்லாவிட்டால் பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். வெறும் சக்கரப் பெட்டியே இரண்டரை, மூன்று கிலோ வரும். துணிப்பை என்றால் அந்த எடைக்கு மருந்தும் சாப்பாடும் கொண்டு போகலாம். ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருந்தால் காசு கட்டினாலும் எடுக்க மாட்டார்கள். இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள்.

எதை எங்கே வைப்பது

கைப்பையில் திரவம் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் இருக்கக் கூடாது. போத்தலின் அளவுதான் கணக்கு; 200 மில்லிலீற்றர் போத்தலில் அடியில் கொஞ்சம் எண்ணெய் கிடந்தாலும் எடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் இதில் அகப்படுவது தயிர்ச் சட்டியாலும் தேன் போத்தலாலும். தயிரும் திரவக் கணக்கில்தான். பெட்டிக்குள் வைத்தால் மண்சட்டி உடைந்து உடுப்பெல்லாம் நாறும். சென்னையில் சுங்கத்திலும் பால், இறைச்சி, மீன் பொருட்கள் கொண்டுவந்தால் அறிவிக்க வேண்டும் என்பது விதி. கருவாட்டுக்கும் அதுவே. உறவுக்காரருக்கு ஏதாவது கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் வறுத்த முந்திரிப்பருப்பு, மருதமுனைச் சாரம், தொதல் இவற்றால் பிரச்சினை இல்லை. தொதலைப் பெட்டியில் வையுங்கள். மெதுவாக இருப்பதால் கைப்பையில் கேள்வி வரும்.

அம்மம்மாமாரின் வெற்றிலைப் பையைத் திறந்து பார்த்து, பாக்குவெட்டியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். அது வெட்டும் கருவி. கைப்பையில் இருந்தால் பறித்துவிடுவார்கள். கனகாலம் வைத்திருந்த பித்தளைப் பாக்குவெட்டி குப்பைத் தொட்டிக்குப் போனால் அவர்களுக்கு அந்தப் பயணம் முழுக்க மனம் சரியிராது.

சபரிமலைக்குக் கொச்சி வழியாகப் போகிற சாமிமார் கற்பூரமும் கொப்பரைத் தேங்காயும் எந்தப் பையிலும் வைக்க முடியாது. இரண்டும் தீப்பற்றும் பொருள். தீப்பெட்டி, லைட்டரையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பவர்பேங்க் கைப்பையில் மட்டும், 20,000 மில்லி அம்பியர் மணி வரை பயமில்லை, ஏனெனில் அது 74 வாட் மணி, எல்லை 100. பெட்டியில் மறந்து வைத்தால் எக்ஸ்ரேயில் பிடித்துப் பெட்டியை ஓரமாக வைத்துவிடுவார்கள். நீங்கள் விமானத்தில், பெட்டி தரையில்.

மருந்து, வைத்தியரின் கடிதம், ஸ்கேன் படம், பழைய அறிக்கை எல்லாம் கைப்பையில். இன்சுலின் பெட்டியில் போகக் கூடாது. கீழே குளிரில் உறைந்தால் அது வேலை செய்யாது. நீரிழிவுக்காரர் தங்கள் சாப்பாட்டைக் கொண்டு போகலாம். ரொட்டி, இடியப்பம் போன்ற உலர்ந்தவற்றை யாரும் தடுப்பதில்லை, குழம்பு வேண்டாம். இந்தக் குறுகிய விமானங்களில் தருவது ஒரு சின்னச் சிற்றுண்டி. சிலவற்றில் அதுவும் காசுக்குத்தான்.

பெயரும் விசாவும்

கடவுச்சீட்டில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் டிக்கெட்டிலும் இ-விசாவிலும் இருக்க வேண்டும். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னாலும் தன் பெயர் பின்னாலும் வரும். அடையாள அட்டையில் முதலெழுத்தாகச் சுருங்கி இருப்பது கடவுச்சீட்டில் விரிந்து இருக்கும். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் கீழே இரண்டு வரி அம்புக்குறிகளோடு இருக்கிறதே, அதைப் பார்த்து எழுத்தெழுத்தாக நிரப்புங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாக இருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கமாவது வேண்டும்.

இ-விசாவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் சொல்வது இரண்டு வாரம். முகவரி "ஜி ஓ வி டாட் ஐ என்" என்று முடிகிற அரச தளத்தில் மட்டும் காசு கட்டுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் தனியார் தளங்கள் உண்டு. மருத்துவத்துக்குப் போகிறவர் மருத்துவ விசாவையே எடுக்க வேண்டும். கூடப் போகிற இருவர் வரை உதவியாளர் விசாவில் போகலாம். 2025 ஒக்டோபரிலிருந்து வருகை அட்டையும் இணையத்தில் நிரப்பும் முறை வந்திருக்கிறது; இறங்குவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. விசாத் தாள், இரண்டு டிக்கெட், வைத்தியசாலைக் கடிதம் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள். சென்னையில் உள்நாட்டு முனைய வாசலில் நிற்கும் காவலர் டிக்கெட்டைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். போனில் சார்ஜ் இல்லை, இணையம் இல்லை என்றால் வாசலில்தான் நிற்க வேண்டும். அங்குள்ள வைஃபைக்குப் போனுக்கு வரும் குறியீட்டு இலக்கம் தேவை. உங்கள் இலங்கை இலக்கத்தில் ரோமிங்கை ஊரிலேயே திறந்துவிடுங்கள்.

கவுண்டரிலும் விமானத்துக்குள்ளும்

பெட்டியில் ஒட்டுகிற பட்டியைப் பாருங்கள். பெரிய எழுத்தில் மூன்றெழுத்துக் குறி இருக்கும்: சென்னைக்கு எம் ஏ ஏ, கோயம்புத்தூருக்கு சி ஜே பி. கடைசியாக எந்தக் குறி இருக்கிறதோ அதுவரைக்கும்தான் பட்டி பெட்டியைக் கொண்டுபோகும். தருகிற சின்னத் துண்டை டிக்கெட்டோடு பின் அடித்து வையுங்கள். பெட்டி வராவிட்டால் முதலில் கேட்பது அதில் உள்ள பத்து இலக்க எண்ணைத்தான். பெட்டியின் வெளித்தோற்றத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரான்சிட் இருப்பவர் ஆசனத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஏ320 மாதிரி விமானத்தில் பக்கத்துக்கு மூன்று ஆசனம், ஏறக்குறைய 180 பேர். பெரும்பாலும் முன் கதவால்தான் இறக்குவார்கள். 5ஆம் வரிசைக்காரர் குடிவரவு வரிசையில் நிற்கும்போது 28ஆம் வரிசைக்காரர் இன்னும் எழும்பி நிற்பார். முன் வரிசைக்குக் கொஞ்சம் காசு கேட்பார்கள். ட்ரான்சிட் நேரம் இறுக்கமாக இருந்தால் அந்தக் காசு தகும். ஏ.டி.ஆர் 72 என்ற விசிறி விமானத்தில் நிலைமை மாறும். பக்கத்துக்கு இரண்டு ஆசனம். பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்னால். அதில் பின் வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார். மேலே உள்ள தட்டும் சிறிது. சக்கரப் பெட்டியை ஏறும் படிக்கட்டுப் பக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மருந்தும் கடவுச்சீட்டும் அதற்குள் இருந்தால் கொடுக்க முன்பு எடுத்துவிடுங்கள்.

ஒரு மணித்தியாலப் பயணத்தில் ஏறியதும் இறங்கத் தொடங்கிவிடும். காது அடைப்பது இறங்கும்போதுதான் கடுமை. தடிமன் உள்ளவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது உண்மையான வேதனை. இறங்க அரை மணித்தியாலம் இருக்கும்போதே பிள்ளையை எழுப்பிப் பாலோ தண்ணீரோ கொடுங்கள். நித்திரையில் விட்டால் விழுங்காது. தரை தொடும்போது அலறும். பெரியவர்கள் மூக்கைப் பொத்தி மெல்லக் காற்றை அழுத்தலாம், வலுவாக அல்ல.

சக்கர நாற்காலி

கேட்க வெட்கப்பட வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே, பிந்தினாலும் 48 மணித்தியாலத்துக்கு முன், பதிவுசெய்ய வேண்டும். மூன்று வகை உண்டு. படியேற முடியும், தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ சி எச் ஆர். படியேற முடியாது என்றால் டபிள்யூ சி எச் எஸ். ஆசனம் வரை தூக்கிப் போக வேண்டும் என்றால் டபிள்யூ சி எச் சி. ட்ராவல்ஸ்காரர் எல்லோருக்கும் முதலாவதையே போட்டுவிடுவார். முழங்கால் மடக்க முடியாத ஒருவர் பஸ்ஸில் கொண்டுபோய்ப் படிக்கட்டின் முன்னால் இறக்கப்படும்போதுதான் பிழை தெரியும். இரண்டு டிக்கெட் என்றால் இரண்டிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். முதல் விமானத்தின் நாற்காலிக்காரர் சென்னை வெளிவாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து உள்நாட்டு முனையம் வரை யார் தள்ளுவது என்பதை ஊரிலேயே முடிவுசெய்து வையுங்கள்.

பிந்தினால், பெட்டி வராவிட்டால்

முதல் விமானம் பிந்துகிறது என்று கட்டுநாயக்காவில் இருக்கும்போதே தெரிந்தால் அங்கேயே அடுத்த நிறுவனத்துக்குக் கூப்பிடுங்கள். கவுண்டர் மூடுவதற்கு முன் கூப்பிட்டால் வித்தியாசத் தொகை கட்டி அடுத்த விமானத்துக்கு மாற்ற முடியும். மூடிய பிறகு கூப்பிட்டால் மாற்ற ஒன்றும் இராது. ஒரே டிக்கெட்டுக்காரர் சென்னையில் இறங்கியவுடன் விமான நிறுவனத்தின் ஊழியரைத் தேடுங்கள். குடிவரவு வரிசையில் முன்னுக்கு விடச் சொல்லிக் கேட்கலாம்.

பெட்டி வராவிட்டாலும் உடைந்து வந்தாலும் சுங்கத்தைத் தாண்டி வெளியே போக முன்னரே அந்தக் கூடத்தில் முறைப்பாடு எழுதி, பி.ஐ.ஆர் என்ற தாளின் பிரதியை வாங்க வேண்டும். சேதமென்றால் 7 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். பிந்தி வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். 21 நாளில் வராத பெட்டி தொலைந்ததாகக் கணக்கு. தங்கப் போகிற இடத்தின் இந்திய முகவரியும் ஒரு இந்தியத் தொலைபேசி இலக்கமும் அப்போது கையில் இருக்க வேண்டும்.

திரும்பும்போது

கோயம்புத்தூரிலிருந்து வரும்போது ஒரே டிக்கெட் என்றால் பெட்டியைக் கொழும்பு வரை போட்டுவிடலாம்; பட்டியில் சி எம் பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் குடியகல்வு மட்டும்தான், மூன்று மணித்தியாலம் போதும். இரண்டு டிக்கெட் என்றால் நான்கு. சத்திரசிகிச்சை முடிந்து வருகிறவர், எந்த நாளிலிருந்து பறக்கலாம் என்ற கடிதத்தை வைத்தியரிடம் வாங்கிய பிறகு திரும்பும் திகதியைப் போடட்டும். போகும்போதே திகதியை இறுக்கிப் போட்டவர்கள்தான் மாற்றுக் கட்டணம் கட்டுகிறார்கள்.

கட்டுநாயக்காவில் இரவு 11 மணிக்கு இறங்கினால், ஊரிலிருந்து வந்த வேன் அதே இரவில் திரும்ப வேண்டாம். அந்தச் சாரதி பகல் முழுக்க ஓட்டி வந்திருப்பார். குருநாகல் தாண்டியதும் கண் அசரும், விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்கு மின்னேரியாவில் யானை நிற்கும். நீர்கொழும்பில் படுத்துவிட்டுக் காலை 6 மணிக்கு எடுத்தால் பகல் 1 மணிக்கு மட்டக்களப்பு. சாரதிக்கும் சேர்த்து ஒரு அறையை முன்னமே சொல்லி வையுங்கள்.